ஸ்ரீரங்கமா, தில்லைநகரா, கே.கே. நகரா? திருச்சிக்குக் குடிவருபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

திருச்சிக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் முதலில் வாடகையை விசாரிக்கின்றன, அடுத்து பள்ளிக்கூடத்தை. போக்குவரத்தைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "இங்கே எங்கிருந்து எங்கே போனாலும் பதினைந்து நிமிடம்." சென்னையிலும் பெங்களூரிலும் நொந்துபோய் வருபவர்களுக்கு இதைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்க வந்தால் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் ஏறும்போது கணக்கு மாறும்.

திருச்சி பெரிய ஊர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரைக் காவிரி ஒருபுறம் வெட்டுகிறது, ரயில் பாதை இன்னொருபுறம், தேசிய நெடுஞ்சாலை மற்றொருபுறம். வெட்டுப்பட்ட துண்டுகளைச் சேர்ப்பவை காவிரிப் பாலம், ரயில் ஜங்ஷன் மேம்பாலம், தெற்கே டி.வி.எஸ். டோல்கேட் முனை, தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணை முனை என்ற நான்கு வாசல்கள். வீடு, பள்ளி, அலுவலகம் ஆகிய மூன்றுக்கும் நடுவே தினமும் இவற்றில் எத்தனையைக் கடக்கப்போகிறீர்கள் என்பதே என் முதல் அளவுகோல். ஒன்று என்றால் தாங்கலாம். இரண்டு என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது இரண்டாவது அளவுகோல். மற்றவையெல்லாம் அதன் பிறகுதான்.

ஸ்ரீரங்கமும் தில்லைநகரும்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பேச்சு ஸ்ரீரங்கத்தில்தான் தொடங்கும். காரணம் இல்லாமல் இல்லை. காலையில் எழுந்து நடந்தே கோயிலுக்குப் போய்வரலாம். உத்திர வீதி, சித்திரை வீதிகளில் காய்கறியும் பூவும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு என்பதால் நிலத்தடி நீருக்குப் பஞ்சமில்லை. வேலை நிமித்தம் அடிக்கடி சென்னை போகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: பல்லவனும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸும் ஸ்ரீரங்கம் நிலையத்தில் நிற்கும், ஜங்ஷன்வரை போகவேண்டியதில்லை.

வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். கூடத்தில் பகலிலும் விளக்குப் போடவேண்டியிருக்கலாம். கார் வைத்திருப்பவர்கள் அதைத் தெருவில்தான் நிறுத்தவேண்டும். சித்திரைத் தேர் ஓடும் நாளில் சித்திரை வீதியிலிருந்து வண்டியை வெளியே எடுப்பது நடக்காத காரியம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் கட்டுக்கடங்காமல் வரும். அதைச் சிரமமாக நினைக்காமல் பாக்கியமாக நினைக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்கள் திருவானைக்கோவில் பக்கம் பார்க்கலாம். கோயிலும் உண்டு, வண்டி நிறுத்த இடமும் ஓரளவு உண்டு.

வெளிப்படையாகச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்து வாடகைப் பலகைகள் சிலவற்றில் 'சைவம் மட்டும்' என்று எழுதியிருக்கும். எழுதாத இடத்தில், பேச்சோடு பேச்சாக "நீங்கள் எந்த ஊர், என்ன வழக்கம்?" என்று விசாரிப்பார்கள். அசைவம் சமைக்கும் குடும்பங்களும் வேற்று மதத்தவரும் அட்வான்ஸ் கொடுக்குமுன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. எனக்கு இந்த வழக்கத்தில் உடன்பாடு கிடையாது. ஆனாலும் இல்லை என்று மழுப்பிவிட்டு, குடிவந்த பிறகு உங்களைச் சங்கடப்பட விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தின் பெரிய பலவீனம் பாலம். 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக 2022 செப்டம்பரில் மூடத் தொடங்கினார்கள்; மறுபடி திறக்க 2023 மார்ச் ஆயிற்று. அந்த மாதங்களில் அக்கரைக்காரர்கள் சஞ்சீவி நகர் வழியாகச் சென்னை புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். பக்கத்தில் புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆற்றுக்கு வடக்கே வீடு, தெற்கே பள்ளி, இன்னும் தெற்கே அலுவலகம் என்று அமைத்துக்கொண்டால் உங்கள் நாளின் கடிவாளம் பாலத்தின் கையில் இருக்கும். பிள்ளையை ஸ்ரீரங்கம் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்க்கமுடிந்தால் மட்டும் ஸ்ரீரங்கம். என் கணக்கு அப்படித்தான்.

தில்லைநகர் நேர் எதிர். எந்த வாசலையும் கடக்கவேண்டியதில்லை, ஏனென்றால் ஊரே உங்களைத் தேடி வரும். நேர்நேரான மெயின் ரோடும் கிராஸ்களுமாக, திட்டமிட்டுப் போட்ட குடியிருப்பு. சாஸ்திரி ரோடு, சாலை ரோடு, தென்னூர் உழவர் சந்தை எல்லாம் பக்கம். புத்தூர் அரசு மருத்துவமனை கிட்டத்தில். தனியார் மருத்துவர்களோ கிராஸுக்குக் கிராஸ். சர்க்கரை, இதயம், மூட்டு என்று மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கும் பெற்றோர் வீட்டில் இருந்தால் இதற்கு இணை வேறு பகுதி கிடையாது.

அந்த வசதிக்கு விலையும் உண்டு. மாலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு கிராஸில் நின்று பாருங்கள். கிளினிக் வாசலில் செருப்புகள் படி தாண்டித் தெருவரை கிடக்கும். டோக்கன் வாங்கியவர்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து நோயாளியை அழைத்துவந்த கார் ஒன்று உங்கள் கேட்டை மறித்து நிற்கும், ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருப்பார். அவரைத் தேடிப் பிடித்து வண்டியை எடுக்கச் சொல்வதற்குள் டியூஷன் நேரம் போய்விடும். பழைய தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாகவும் ஆய்வுக்கூடங்களாகவும் மாறிக்கொண்டிருப்பதால், குழந்தைகள் தெருவில் சைக்கிள் ஓட்டும் காலம் அங்கே முடிந்துவிட்டது. வாடகையும் ஊரிலேயே மேல்தட்டு. பெரியவர்களுக்காகப் போகிறீர்கள் என்றால் கொடுக்கலாம். பெயருக்காக என்றால் வேண்டாம்.

கன்டோன்மென்ட்டை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், ஓட்டல்கள், மருத்துவமனைகள் என்று நிறைந்துவிட்ட பகுதி. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வாடகை வீடு கிடைப்பது அரிது. கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயலூர் சாலையும் கே.கே. நகரும்

என்னிடம் கேட்கும் பெரும்பாலோருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டிலும் தனி வீடு கிடைக்கும், அடுக்ககமும் கிடைக்கும். தில்லைநகரைவிட வாடகை குறைவு. பிள்ளைகள் விளையாட ஓரளவு இடம் இருக்கும்.

வயலூர் சாலைக்கு முதல் பலம், புத்தூர் நால்ரோட்டைத் தொட்டுக்கொண்டு தொடங்குவது. பிஷப் ஹீபர் கல்லூரி, சீனிவாச நகர், ராமலிங்க நகர், குமரன் நகர் என்று நீண்டு சோமரசம்பேட்டை தாண்டி வயலூர் முருகன் கோயில்வரை போகிறது. தள்ளிப் போகப் போக வயல்வெளியும் வாழைத்தோட்டமும் தெரியும். உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது; சோழர் காலத்துப் பெருமை அதற்கு உண்டு, இன்றைய வாசனை அந்தப் பெருமைக்கு ஏற்றதாக இல்லை.

இங்கே யோசிக்கவேண்டியது தண்ணீர். கோரையாறும் குடமுருட்டியும் ஊரின் இந்த மேற்குப் பக்கமாகத்தான் காவிரிக்கு வருகின்றன. 1977 நவம்பர் வெள்ளத்தை உறையூர், புத்தூர் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். 2005-இலும் இந்தப் பக்கம் தண்ணீர் புகுந்தது. ஆற்றுக்கரைகளைப் பலப்படுத்தும் பணிகள் பிறகு நடந்தன. அதனால் இந்தச் சாலை முழுவதையும் ஒதுக்கச் சொல்லமாட்டேன். தெருவுக்குத் தெரு மேடுபள்ளம் மாறுகிறது. அதைப் பார்க்கக் கண் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தெருவில் நின்று வீட்டு வாசற்படியைப் பாருங்கள். பழைய வீடு ஒன்று சாலையைவிடத் தாழ்ந்து, கேட்டைத் திறந்தால் இறங்கி உள்ளே போகிற மாதிரி இருக்கும். சாலை மேல் சாலை போட்டதில் வீடு பள்ளத்துக்குப் போயிருக்கிறது. பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நாலைந்து படி ஏறவேண்டும். அப்படி உயர்த்திக் கட்டியவர் சும்மா மண் அடித்திருக்கமாட்டார். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்துக்குச் சுண்ணாம்பு உரிந்திருக்கிறதா, மின்மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுக்காரர் "ஒரு சொட்டு நிற்காது" என்றுதான் சொல்வார். தெருமுனை இஸ்திரிக்காரர் உண்மையைச் சொல்வார்.

கே.கே. நகர் தெற்கே, விமான நிலையத்தின் பக்கம் இருக்கிறது. மனைப்பிரிவு போட்டு வளர்ந்த பகுதி என்பதால் தெருக்கள் அகலம், வேப்பமரங்கள் மிச்சமிருக்கின்றன. சொந்தமாக உழவர் சந்தை இருக்கிறது. அன்றாடத் தேவைக்கு ஊருக்குள் போகவேண்டிய அவசியமே இல்லை. மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களையும், கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுகிறவர்களையும் பார்க்கலாம். தில்லைநகரில் இழந்த சில விஷயங்கள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன.

குறை, டி.வி.எஸ். டோல்கேட். சத்திரம் பஸ் நிலையம், மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட் எதற்குப் போனாலும் அந்த முனையில் நிற்கவேண்டும். கல்லூரிகளும் பழைய பெரிய பள்ளிகள் பலவும் வடக்கே இருக்கின்றன. ஐந்து வருடங்களுக்கு முன் என்றால் இந்தக் காரணத்துக்காகவே வயலூர் சாலைக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டிருப்பேன்.

இப்போது தராசு சாய்ந்திருக்கிறது, காரணம் பஞ்சப்பூர். மதுரை சாலையில் அமைந்த புதிய ஒருங்கிணைந்த பஸ் முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. ஜங்ஷன் அருகே ராணுவ நிலத்துக்காகப் பல ஆண்டுகள் அரைகுறையாக நின்ற மேம்பாலமும் 2023-இல் ஒருவழியாக முழுமை பெற்றது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஊரின் எடை தெற்கு நோக்கி நகர்கிறது. வெளியூர் பஸ்ஸில் அடிக்கடி போய்வரும் குடும்பத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பஞ்சப்பூர் என்பது ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. கே.கே. நகரிலிருந்து அப்படி இல்லை.

ஆகவே, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் ஒரு காரும் உள்ள, எந்தப் பகுதியோடும் முன்தொடர்பு இல்லாத குடும்பத்துக்கு இன்றைக்கு நான் கே.கே. நகரைச் சொல்வேன். கல்லூரி ஆசிரியராகவோ அரசு மருத்துவமனை ஊழியராகவோ வருபவருக்கு வயலூர் சாலையின் புத்தூரை ஒட்டிய முதல் பாதி. வாசற்படியைப் பார்த்த பிறகு.

திருவெறும்பூர் யாருக்கு?

பாரத மிகுமின் நிறுவனத்திலோ துப்பாக்கித் தொழிற்சாலையிலோ துவாக்குடி என்.ஐ.டி.யிலோ வேலை என்றால் விவாதமே வேண்டாம், திருவெறும்பூர்தான். குடியிருப்பு வளாகத்தில் வீடு ஒதுக்கினால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பாரத மிகுமின் குடியிருப்பான கைலாசபுரத்து மரநிழல் திருச்சி வெயிலுக்குப் பெரிய வரம். வேலை நகருக்குள் என்றால், குறைந்த வாடகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு சர்வீஸ் சாலை வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். தஞ்சாவூர் பஸ்ஸும் லாரியும் பறக்கும் அதே நெடுஞ்சாலையில்தான் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும் போகிறது. என் பிள்ளையை அந்தச் சாலையில் சைக்கிளில் அனுப்பமாட்டேன்.

எங்கே முடிவு செய்தாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். அடுக்ககத்துக்கு முன்பணம் கொடுக்க அவசரப்படுத்தும் உறவினர்கள் இருப்பார்கள். ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் அந்தத் தெருவில் கழியட்டும் என்று சொல்லிவிடுங்கள். காவிரிக் குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா, பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்தாயிற்றா அல்லது இனிமேல்தான் தெருவைத் தோண்டப்போகிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் கேட்டால் பேசிக் குறைக்கலாம். கொடுக்கும் தொகை முழுவதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.