வேலியோரத்துக்குச் செம்பருத்தியா, இட்லிப்பூவா?

கோலாலம்பூர் செத்தாபாக்கில் எங்களுடையது வரிசை வீடு. கேட்டை ஒட்டி 14 அடி நீளம், 2 அடி அகலம், அவ்வளவுதான் மண். அதில் 2019இல் செம்பருத்தி நட்டேன், 2022இல் பிடுங்கிவிட்டு இட்லிப்பூ வைத்தேன். நான் எந்தக் கட்சி என்பது இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் செம்பருத்தி தோற்றது அழகில் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானது சுருக்கமாக: ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் நிற்கும், பாதி நாளாவது நேர் வெயில் வேண்டும், நம் ஊர் சீதோஷ்ணத்தில் வருடம் முழுக்கப் பூக்கும். போர்ச் கூரை நிழலடியில் வைத்தால் இரண்டுமே இலையாக வளரும், பூ எண்ணி நாலு வரும்.

செம்பருத்தியின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960இலிருந்து அது மலேசியாவின் தேசிய மலர், மலாயில் புங்கா ராயா. பள்ளியில் புங்கா ராயா வரையாத பிள்ளை இல்லை. என் பாட்டி இருந்த தோட்டத்து லயத்தில் அதுதான் வேலி. குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். எனக்கு எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கொடுத்த 6 குச்சியும் தழைத்தன, ஒரு காசு செலவில்லை. எட்டு மாதத்தில் இடுப்பளவு. காலையில் விரியும் பூ மாலையில் சுருங்கிவிடும். ஆனால் மறுநாள் விடிந்தால் வேறு பூ தயார். பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் தினம் பூ உண்டு. இலையை அரைத்தால் தலைக்குத் தேய்த்துக் குளிக்கத் தாளி. இவ்வளவும் இட்லிப்பூவால் ஆகாது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலேயே கிடந்தேன். காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடப்பது பழக்கமாயிற்று. ஒரு கிளை நீண்டால் வெட்டுவேன், ஒரு இலை மஞ்சளானால் கிள்ளுவேன். அந்த வருடம் பூத்ததைப்போல் எங்கள் வேலி பிறகு பூத்ததே இல்லை. அதெல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் திறந்தது. விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. செடியைப் பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை என்றானது. சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, துளிர் ஒன்று வினோதமாக இருக்கிறதே என்று திருப்பிப் பார்த்தேன். இலை விரியாமல், பொத்திய கைபோல் முடங்கித் தடித்திருந்தது. நகத்தால் பிரித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சுக்குள் இளஞ்சிவப்பில் பொடிப்பொடியாய் ஏதோ நகர்ந்தது. கேட் கம்பி வழியாக எறும்பு வரிசையாக ஏறி, இறங்கிக்கொண்டிருந்தது.

மாவுப்பூச்சி. அதிலும் இந்த இளஞ்சிவப்பு வகைக்குச் செம்பருத்தி என்றால் உயிர். சாற்றை உறிஞ்சும்போது அதன் எச்சிலும் செடிக்குள் போகும், அதனால்தான் துளிர் அப்படிச் சுருண்டுபோகிறது. சுருண்ட துளிரே அதற்குக் கூரை. சோப்புத்தண்ணீரானாலும் வேப்பெண்ணெயானாலும் பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை செய்யும். கூரைக்குள் இருப்பதன்மேல் எங்கே படும்? அந்தப் பஞ்சுப் பைக்குள் முட்டை நூற்றுக்கணக்கில் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். எறும்புக்கு அது கழிக்கும் இனிப்பு நீர் வேண்டும், அதற்காகப் பூச்சிக்குக் காவல் நிற்கும், தின்ன வரும் மற்ற பூச்சிகளை விரட்டும்.

வழி இருக்கிறது. சுருண்ட நுனியை ஒரு சாண் கீழே வெட்டி, உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், தரையில் போடக்கூடாது. மிச்சச் செடியை ரப்பர் குழாயால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வேலிக் கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டினால் எறும்புக்குப் பாலம் அறுந்துவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் அடங்கும். கவனியுங்கள், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை. நான் சனிக்கிழமை மட்டும் செய்தேன், அதுவும் மழை பெய்யாத சனிக்கிழமை.

இதில் ஒரு கூத்து. ஒரு வாரம் பார்த்தால், வழக்கத்தைவிடப் பெரிய மாவுப்பூச்சிகள், உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல் தொங்க, கிளையில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. விடவில்லை, தேடித்தேடி நசுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவை மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள்! இரையைப்போலவே வெள்ளை வேஷம் போடும் வகை. மாவுப்பூச்சி இடத்தைவிட்டு அதிகம் அசையாது, ஓடுவது நம் ஆள். உதவிக்கு வந்தவர்களை நானே ஒழித்துக்கட்டினேன்.

2022 நடுவில் பூ நின்றுபோய், எல்லா நுனியும் முஷ்டி மடக்கி நின்றது. பிடுங்கினேன்.

இட்லிப்பூச் செடிகளைச் சுங்கை பூலோ நர்சரி வரிசையில் வாங்கினேன், குட்டை வகை, பாலிபேக்கில். ஒன்றரை அடிக்கு ஒன்று என்று வைத்தேன். சங்ககாலத்தில் ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய வெட்சி இந்தக் குடும்பம்தான். இங்கே வேலிக்குக் காவலாக நிற்கிறது. வளர்ச்சி மெதுவோ மெது. முதல் வருடம் வேலி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, பக்கத்து வீட்டு ஆண்ட்டி, "செத்துப்போச்சா?" என்றே கேட்டுவிட்டார். இரண்டாம் வருடம்தான் இடைவெளி மூடியது. ஆனால் மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலையும் இல்லை. ஒரு கொத்து வாரக்கணக்கில் செடியிலேயே நிற்கும். இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தேன், நான் போனதே அதற்குத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நட்ட சில மாதத்தில் சுவரோரச் செடிகளில் இளம் இலை மட்டும் வெளுத்து, நரம்பு பச்சையாக நின்றது. இது இரும்புச்சத்துக் குறை. இட்லிப்பூவுக்குப் புளித்த மண் வேண்டும். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலோ மேல்மண்ணைக் கொஞ்சம் கிளறினால் வீடு கட்டியவன் விட்டுப்போன சிமெண்டுக் கட்டியும் செங்கல் துண்டும். சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணை மாற்றிவிடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. அந்த 4 செடியையும் தோண்டி எடுத்து, ஒரு முழ ஆழத்துக்குக் கட்டிகளைப் பொறுக்கி, மக்கிய எரு கலந்து மறுபடி நட்டேன். 3 தேறின. ஒன்று இன்னும் சோகை பிடித்தாற்போல்தான் நிற்கிறது. நடும் அன்றே ஆழமாகத் தோண்டியிருந்தால் இந்த வேலை மிச்சம். உண்மையைச் சொன்னால் இட்லிப்பூவின் பராமரிப்பு முழுவதும் அந்த முதல் நாளில் அடங்கிவிடுகிறது.

இன்னொன்று, புல் வெட்ட வருபவரைக் கத்தரியோடு இதன் பக்கம் விடாதீர்கள். பூ வருவது கிளை நுனியில். சதுரமாக மழித்தால் வரப்போகிற மொட்டெல்லாம் குப்பைப் பையில் போய்விடும், இரண்டு மாதம் பச்சைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொத்து வாடியதும் அதன் காம்பை மட்டும் கிள்ளினால் போதும்.

எனக்கு இட்லிப்பூவோடு பழக்கம் மூன்று வருடம்தான். பத்து வருடத்தில் அடிமரம் எப்படியிருக்கும் என்பது என் வீட்டில் இன்னும் பார்க்காத கதை. அதேபோல், பல வண்ணத்தில் தட்டளவு பூக்கும் ஒட்டுச் செம்பருத்தி ஒன்றே ஒன்று வளர்த்தேன், மழைக்காலத்தில் அழுகிப்போனது. அந்த ஒன்றை வைத்து அந்த வகையையே குறை சொல்ல மாட்டேன். வீட்டில் பகலில் ஆள் இருக்கிறது, தினம் காலையில் செடியைத் தொட்டுப் பார்ப்பவர் இருக்கிறார் என்றால் செம்பருத்தியே வையுங்கள், தயங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் பின்னால் வந்து சேர்ந்தார். நான் பிடுங்கிப்போட்டதைப் பார்த்துவிட்டு மாமியார் கேட்டார்: "ஏன் மாப்பிள்ள, எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்களே, சாமிக்கு என்னத்த வைக்கிறது?" இட்லிப்பூவைக் காட்டினேன். "அது முருகனுக்குச் சரி. பிள்ளையாருக்கு?" மறுவாரம் மாக்சிக்கிடம் போய் ஒரு குச்சி வாங்கிவந்து, கொல்லையில் தொட்டியில் வைத்துவிட்டார். கொசு வருமே என்று தொட்டிக்கடியில் தட்டு மட்டும் வைக்க விடவில்லை நான்.

அது நன்றாகத்தான் பூக்கிறது, தினம் இரண்டு. போன வாரம் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பார்த்தேன், ஒரு துளிர் லேசாகச் சுருண்டிருந்தது. கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.