யூடெவ் விதிகளோடு பல வருடப் பழக்கம்

சீரியல் போர்ட் கருவிகளை யூஎஸ்பியில் இணைக்க உதவும் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர்கள் இரண்டை லினக்ஸில் சேர்த்து ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். நேற்று டிடிஒய்-யூஎஸ்பி0 (ttyUSB0) என்ற பெயரில் இருந்தது ரீபூட்டுக்குப் பிறகு 1 ஆகிவிடும். ஸ்கிரிப்ட் வேறு கருவிக்குக் கட்டளை அனுப்பும். நிலையான பெயர் வேண்டும் என்றுதான், செருகும் கருவிகளின் பெயர், அனுமதிகளைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதியான யூடெவ்வின் (udev) விதிக் கோப்புகளுக்குள் போனேன்.

விதி எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. எழுதியது ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது. இலக்கணப் பிழை என்றால் ஜர்னலில், அதாவது கணினியின் பதிவேட்டில், ஒரு வரியாவது வரும். நிபந்தனை பொருந்தவில்லை என்றால் யூடெவ் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

அதிகம் படுத்துவது கோப்பின் பெயர் தொடங்கும் எண். யூஎஸ்ஆர் அடைவில் இருப்பவை, ஈடிசி அடைவில் நாம் வைப்பவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பெயர் வரிசையில்தான் யூடெவ் படிக்கிறது. சாதாரணப் பயனருக்கு அனுமதி தரும் யூஆக்சஸ் (uaccess) என்ற டேகை, அதாவது விதி கருவிக்கு ஒட்டும் அடையாளத்தை, 73-சீட்-லேட் கோப்பு பார்க்கிறது. பலரும் பழக்கத்தில் 99 என்று பெயர் வைக்கிறார்கள். டேக் சேரும்போது அந்தக் கட்டம் தாண்டிவிட்டிருக்கும். விதியில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை, ஆனாலும் அனுமதி கிடைக்காது. பெயரை 70 என்று மாற்றினால் போதும்.

இதற்கெல்லாம் நான் நம்புவது யூடெவ்-ஏடிஎம் (udevadm) கட்டளையைத்தான். அதன் இன்ஃபோவில் ஆட்ரிபியூட்-வாக் கொடுத்தால் கருவியிலிருந்து மேலே ஒவ்வொரு பேரண்ட்டாக, அதாவது அது இணைந்திருக்கும் மேல்நிலைக் கருவியாக, பண்புகளைக் காட்டும். ஒரு விதியில் ஒரே பேரண்ட்டின் பண்புகளை மட்டும்தான் சேர்க்கலாம். இரண்டு பேரண்ட்டிலிருந்து எடுத்துக் கலந்தால் பொருந்தவே பொருந்தாது. அதே கட்டளையின் டெஸ்ட் என்பது எந்தெந்தக் கோப்பு படிக்கப்பட்டது, முடிவில் என்ன பெயர், என்ன அனுமதி என்று சொல்லிவிடும். விதி பொருந்தினால் ஓட்டச் சொல்லி ரன் வரியில் இருக்கும் புரோகிராமை அது ஓட்டாது, அதனால் தைரியமாகப் பயன்படுத்தலாம். யூடெவ் அடங்கியிருக்கும் சிஸ்டம்டி (systemd) தொகுப்பின், 2023இல் வந்த 254ஆம் பதிப்பில், விதிக் கோப்பின் பிழைகளைச் சரிபார்க்கும் வெரிஃபை சேர்ந்தது. நீண்ட நாள் குறை தீர்ந்தது. அப்புறம், விதிகளை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் மட்டும் செய்தால் ஏற்கெனவே செருகியிருக்கும் கருவிக்குப் புது விதி போகாது. ட்ரிகர் கொடுக்க வேண்டும், அல்லது கழற்றிச் செருக வேண்டும்.

எனக்கு இன்னும் மனக்குறை மலிவான கன்வெர்ட்டர்கள் மேல்தான். பலவற்றில் சீரியல் எண்ணே இருப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதற்கும் விதி எழுதத் தேவையில்லை: டெவ் அடைவின் சீரியல் பிரிவுக்குள் பை-பாத் என்று தயாராகவே இணைப்புகள் இருக்கின்றன. சீரியல் எண் உள்ளவற்றுக்குப் பக்கத்திலேயே பை-ஐடி. முதலில் அங்கே பாருங்கள்.