பம்பிங் குறைந்த இதயத்துக்கு ராத்திரியில் எந்தக் கருவி? சிபாப், பைபாப், ஏஎஸ்வி, ஆக்சிஜன்

அப்பாவுக்கு பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். மாத்திரைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தும் ராத்திரியில் பெருங்குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று எழுந்து உட்காருவது, பகலெல்லாம் கண் சொக்குவது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப், பைபாப், ஏஎஸ்வி கருவிகள், ஆக்சிஜன் என்று நாலு வழிகளையும் அலசி, கடைசியில் சிபாப் வாங்கினோம். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி எடுக்காமல் எதையும் வாங்க வேண்டாம். தொண்டை அடைத்து மூச்சு நிற்பது ஒரு வகை. இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னொரு வகையும் வரும். மூச்சு படிப்படியாக ஏறி, படிப்படியாகத் தணிந்து, சில நொடிகள் நின்றே போகும். தொண்டை திறந்துதான் இருக்கும்; மூச்சு விடச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து வராது. இதை ‘சென்ட்ரல்’ என்பார்கள். அப்பாவுக்குப் பெரும்பாலும் தொண்டை அடைப்புதான் என்று அறிக்கை சொன்னது.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை, அடைத்த தொண்டையையும் அது திறக்காது. போதாததற்கு, ஆக்சிஜன் ஓடும் அறையில் எரியும் விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

ஏஎஸ்வி கெட்டிக்காரக் கருவி. ஒவ்வொரு மூச்சையும் கவனித்து, குறைந்தால் தள்ளும், கூடினால் விட்டுக்கொடுக்கும். சென்ட்ரல் வகைக்கு இதுதான் தீர்வு என்று நம்பியிருந்தார்கள். 2015இல் வெளிவந்த சர்வ்-ஹெச்எஃப் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, சென்ட்ரல் வகை மேலோங்கிய 1,325 பேரிடம் நடந்த ஆய்வு அது. கருவி போட்டவர்களிடம் இதய நோயால் வரும் மரணம் கூடியிருந்தது. பிறகு வந்த அட்வென்ட்-ஹெச்எஃப் ஆய்வில் அந்த ஆபத்து தென்படவில்லை, ஆனால் ஆயுள் நீண்டதாகவும் தெரியவில்லை. 35 சதவீதத்தில் இருக்கும் அப்பாவை வைத்து அந்தப் பரீட்சை எனக்கு வேண்டாம்.

பைபாப் மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்கு, நுரையீரல் நோயால் அப்படித் தேங்கினாலும், இது தேவைப்படலாம். வீட்டில் ஓட்டிப் பார்த்ததில்லை. நுரையீரலில் நீர் கோத்து அப்பாவைச் சேர்த்தபோது அவசரப் பிரிவில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த அவசர நிலையிலேயே இரண்டையும் ஒப்பிட்ட 2008 பிரிட்டிஷ் ஆய்வில் உயிர் பிழைப்பதில் சிபாப்புக்கும் பைபாப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விலையோ பைபாப்புக்கு அதிகம்.

சிபாப் ஒரே அழுத்தத்தில் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். தொண்டை மூடாது, நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்தின் பாரமும் கொஞ்சம் குறையும். இது ஆயுளைக் கூட்டும் என்று நான் சொல்லவில்லை. இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் நடந்த 2016ஆம் ஆண்டின் சேவ் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, வாழ்க்கை கொஞ்சம் மேம்பட்டது. அந்த ஆய்வில் என்னை உறுத்தியது வேறு ஒரு எண்: கருவியைச் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருக்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது இந்த விஷயம்தான். எந்தக் கருவியானாலும் மாஸ்க் முகத்தில் நிற்க வேண்டும். சிபாப்பில் அழுத்தம் மாறிக்கொண்டே இராது, மாஸ்க்கின் சிலிக்கோன் குஷன் ஒரு முறை பொருந்திவிட்டால் ராத்திரி முழுக்க அப்படியே நிற்கும். ஆனால் அதைப் பேண வேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குஷன் வழுக்கும், காற்று கண்ணுக்குள் அடிக்கும். அப்பா தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிவிட்டார், படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுவார். அம்மா காலையில் காபி போடும் கையோடு குஷனை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவார். வெயிலில் போட்டால் சிலிக்கோன் விறைத்துவிடும். குழாய்க்கு வாரம் ஒரு கழுவல். ஈரமூட்டும் தொட்டிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். எங்கள் ஊர் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். கரண்ட் போனால் அந்தத் தொட்டியின் சூடேற்றியை அணைத்துவிடுவோம், அப்புறம் இன்வெர்ட்டருக்குப் பெரிய சுமை இல்லை.

வாங்கப் போனால் கடையில் படுக்க வைத்து, டாக்டர் குறித்த அழுத்தத்தில் காற்றை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் புரண்டு பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி பொருந்தும் மாஸ்க் படுத்தால் ஒழுகும். வாய் திறந்து தூங்குகிறவருக்கு மூக்கு மாஸ்க் போதாது. அடர்ந்த மீசை இருந்தால் கொஞ்சம் கத்தரிக்க வேண்டியிருக்கும். அப்பா அதற்குத்தான் ரொம்ப நாள் இழுத்தடித்தார்.

தானாக அழுத்தம் மாற்றும் ஆட்டோ சிபாப்பைக் கடைக்காரர்கள் தள்ளுவார்கள். எங்கள் டாக்டர் ஆய்வகத்தில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து, நிலையான அழுத்தமே குறித்துக் கொடுத்தார். பம்பிங் குறைந்தவர்கள் இதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கருவியின் கார்டில் பதிவாகும் அறிக்கையை ஒவ்வொரு செக்கப்புக்கும் கொண்டுபோகிறோம். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு காற்று ஒழுகியது என்பது அதில் இருக்கும். சென்ட்ரல் என்ற வரியில் எண் ஏறுவதாகத் தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.