ஆஞ்சினெத்தி வகுப்பு: மாவுக்கு முழு மதிப்பெண், ஐசிங்குக்குப் பாதி

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தபோது, பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதியில், ஹானோவர் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சிறிய இத்தாலிய பேக்கரி நடத்திய வகுப்பில் சேர்ந்திருந்தேன். மூன்று மணி நேரம், எட்டுப் பேர், கற்றுக்கொள்ள ஒரே ஒரு பண்டம். எலுமிச்சை அல்லது அனீஸ் (சோம்பு போல மணக்கும் ஒரு விதை) மணத்தோடு வெந்து, வெள்ளை ஐசிங்கில் முங்கி, மேலே கடுகைவிடச் சிறிய வண்ணச் சர்க்கரை மணிகளைத் தாங்கி வரும் ஆஞ்சினெத்தி என்ற மெத்தென்ற குக்கிதான் அது. வகுப்பின் குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

1880க்கும் 1920க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி எனத் தெற்குப் பக்கத்தவர்கள். ஆஞ்சினெத்தி அவர்களுடைய வீட்டுப் பலகாரம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம் என எந்த விசேஷமானாலும் இத்தாலிய அமெரிக்க வீடுகளில் அடுக்கி வைக்கப்படும் குக்கித் தட்டில் இதற்கு ஓர் இடம் உண்டு. மேலே தூவும் மணிகளுக்கு இத்தாலிய மொழியில் தியாவொலினி என்று பெயர்; நம் மொழியில் சொன்னால் குட்டிச்சாத்தான்கள்.

சொல்லித்தந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். மாவு பிசையும் பாடத்துக்கு மட்டுமே அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கொடுத்த காசு அதிலேயே செரித்துவிட்டது. 400 கிராம் மைதா, 3 முட்டை, 115 கிராம் வெண்ணெய், 130 கிராம் சர்க்கரை, 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 தேக்கரண்டி அனீஸ் எசென்ஸ் என்பது கணக்கு. இந்த மாவு கையில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டுகிறதே என்று என் பக்கத்தில் நின்றவர் மைதாவை அள்ளி அள்ளிச் சேர்த்துக்கொண்டிருக்க, அம்மையார் ஒன்றும் சொல்லாமல் அந்த மைதாக் கிண்ணத்தை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெயை விட்டார். "இனி உருட்டிப் பாருங்கள்" என்றார். ஒட்டவில்லை. அதிகப்படியாகச் சேரும் ஒவ்வொரு கை மைதாவும் மறுநாள் குக்கியை ரஸ்க் ஆக்கிவிடும் என்பதை அந்த ஒரு செயல் புரியவைத்தது.

அரை மணி நேரம் குளிரவைத்த மாவைச் சுண்டுவிரல் பருமனில், அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் கயிறாக உருட்டி, தளர்வாக ஒரு முடிச்சுப் போட வேண்டும். இறுக்கினால் நடுப்பகுதி வேகாது. 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் போதும். அடிப்பாகம் இளம்பொன் நிறத்துக்கு வரும்போது மேல்பாகம் வெளுப்பாகவே இருக்கும், அதுதான் சரியான பதம். மேலேயும் சிவக்கட்டும் என்று நான் கூடுதலாக இரண்டு நிமிடம் விட்ட தட்டு, ஆறியதும் மென்மையை இழந்துவிட்டது.

அனீஸ் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நம் கடைகளில் சோம்பு என்று வாங்குவது பெருஞ்சீரகம். அனீஸ் வேறு செடி. இரண்டிலும் அனெத்தோல் என்ற வாசனைப் பொருள் இருப்பதால் மணம் ஒரே குடும்பத்தது போலத் தோன்றுகிறது. வீட்டில் ஒருமுறை சோம்பை இடித்துச் சலித்துச் சேர்த்துப் பார்த்தேன்: மணம் நெருங்கி வந்தது, ஆனால் எசென்ஸ் தரும் இனிப்பான கூர்மை வரவில்லை, மாவிலும் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. எசென்ஸுக்குப் பதிலாக அனீஸ் எண்ணெய் கிடைத்தால், அது பலமடங்கு வீரியமானது என்பதால் சில சொட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குறை ஐசிங்கில்தான். தென் இத்தாலியில் நாஸ்ப்ரோ என்ற மேற்பூச்சு உண்டு. சர்க்கரையையும் தண்ணீரையும் பாகாகக் காய்ச்சி, வெள்ளையாகப் பூக்கும் வரை கிளறிப் பூசுவார்கள். பாதுஷாவின் மேல் சர்க்கரை பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன், சொல்லவில்லை. வகுப்பில் செய்தது எளிய முறை: 250 கிராம் ஐசிங் சர்க்கரையில் 3 மேசைக்கரண்டி பாலும் கொஞ்சம் எசென்ஸும் கலந்து, நன்றாக ஆறிய குக்கியைத் தலைகீழாக முக்கி எடுத்து, ஐசிங் இறுகுவதற்குள் மணிகளைத் தூவுவது. முறையில் தவறில்லை, ஆனால் இதற்கு ஒதுக்கிய நேரம் கடைசி இருபது நிமிடம். மேல்தோல் காய்வதற்கே ஒரு மணி நேரமாவது வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமானால் ஓர் இரவு காய்வது நல்லது. எங்களுக்கோ ஈரம் போகாத குக்கிகளை இரண்டு அடுக்காகப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ரயிலில் வந்து வீட்டில் திறந்தபோது, மேலடுக்கின் அடிப்பாகம் கீழடுக்கின் ஐசிங்கைப் பிய்த்துக்கொண்டு வந்தது. சிவப்பு மணிகளின் சாயம் வேர்வையில் கரைந்த குங்குமம் போல வெள்ளையில் இழுகியிருந்தது. அவ்வளவு பொறுமையாகப் போட்ட முடிச்சுகள் அப்படி ஆனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

கையில் தந்த செய்முறைத் தாளும் கப் கணக்கில் இருந்தது. ஒரு கப் மைதா, அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். மைதா கூடிவிடக் கூடாது என்று அத்தனை பாடுபட்டுச் சொல்லித்தந்தவர்கள் எடையில் எழுதித் தந்திருக்க வேண்டும். மேலே உள்ள கிராம் கணக்கு, நான் வீட்டில் மூன்று முறை செய்து சரிபார்த்தது. ஏறக்குறைய 36 குக்கிகள் வரும். பண்டிகைக்கு முன்பே செய்பவர்கள் ஐசிங் போடாமல் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, முந்தின நாள் எடுத்து, குளிர் முழுக்க விட்டபின் முக்கிக் காயவைத்தால் சாயம் இழுகாது.

அடுத்த டிசம்பரில் அதே கடையில், அத்திப்பழமும் உலர்திராட்சையும் பாதாமும் பூரணமாக வைத்து ஐசிங் போடும் சிசிலியின் கூச்சிதாத்தி வகுப்பு நடத்துவதாகச் சொன்னார்கள். அந்த அம்மையார்தான் சொல்லித்தருகிறார் என்றால் நான் சேர்வேன். ஒரே அடுக்காகப் பரப்பி எடுத்துவர அகலமான மூடி போட்ட தட்டு ஒன்றும் கையோடு கொண்டுபோவேன்.