வால்வை மாற்றியும் திரும்பத் திரும்ப வந்த பி0401

நண்பர் ஒருவர் நான் ஓட்டும் இதே மாடல் டீசல் பிக்கப்பைப் பழையதாக வாங்கப் பார்க்கிறார். "நீங்க ரொம்ப நாளா ஓட்டுறீங்களே, இதுல இஜிஆர் பிரச்சினை வந்துகிட்டே இருக்குமாமே, வாங்கலாமா?" என்று கேட்டார். இஜிஆர் என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்து வண்டி இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது, எனக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எஞ்சின் எவ்வளவு சிசி, எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும், அதற்குள் போகவில்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். பாரத்தோடு மேடு ஏறும்போது குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கிறது, கியரை மாற்றி மாற்றிக் கெஞ்ச வேண்டியதில்லை. சேஸிஸ், கியர்பாக்ஸ், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் எதிலும் இதுவரை கை வைக்கவில்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிப்பதில்லை. வேலைக்கென்று வாங்கிய வண்டி, வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இந்த ஒன்றைத் தவிர.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் லைட் எரியும். கொஞ்ச தூரத்தில் இழுவை செத்துவிடும், எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போய்விடும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஸ்கேனர் போட்டால் பி0401 என்ற கோளாறு எண் (கோடு, code), அதாவது இஜிஆர் வழியாக வர வேண்டிய புகை போதுமான அளவு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வால்வைக் கழற்றிக் காட்டினார்கள், உள்ளே தார் மாதிரி கரி அப்பியிருந்தது. சுத்தம் செய்து மாட்டினார்கள், லைட் போய்விட்டது. பிறகு வந்தது. புது வால்வு போட்டார்கள், போய்விட்டது. மறுபடி வந்தது. அடுத்து கூலர் அடைத்திருக்கும் என்றார்கள், அதைக் கழற்றிப் பார்த்தால் வழி சுத்தமாக இருந்தது. அடுத்து வயரிங் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பில் போட்டார்கள், ஒவ்வொரு முறையும் "இனிமே வராது சார்" என்று சொன்னார்கள்.

இதில் வாகன உரிமையாளர்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்ததும் லைட் அணைந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, இஜிஆர் புகை சரியாக வருகிறதா என்ற சோதனையை எப்போதும் செய்துகொண்டிருப்பதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, வண்டி சீராக, ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் போகும்போதுதான் செய்யும். பல வண்டிகளில் ஒரு ஓட்டத்தில் தவறினால் உள்ளுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் தவறினால்தான் லைட்டைப் போடும். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" என்று கொடுப்பது எதையும் நிரூபிக்காது.

சரி, இஜிஆர் என்னதான் செய்கிறது? எரிந்து வெளியே போகும் புகையில் கொஞ்சத்தை எடுத்து, கூலரில் ஆறவைத்து, உள்ளே போகும் காற்றோடு கலக்கிறது. அந்தப் புகையில் ஆக்ஸிஜன் குறைவு, எரிதலின் உச்ச வெப்பம் இறங்கும். ஏறத்தாழ 1370 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் நைட்ரஜன் ஆக்சைடுகள் வேகமாக உருவாகின்றன, அதைக் கீழே வைத்திருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும். நல்ல நோக்கம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை.

ஆனால் எத்தனை புகை உள்ளே வந்தது என்பதை நேரடியாக அளக்கும் கருவி என் வண்டியில் இல்லை. ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் புதுக் காற்றை அளக்கிறது. வால்வு திறந்து புகை வந்தால் அந்த இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும், புதுக் காற்று அந்த அளவுக்குக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் புகை வரவில்லை என்று ஈசியூ முடிவு கட்டிவிடுகிறது. அந்தக் கோடு சொல்வது அவ்வளவுதான், காற்றின் கணக்கு இடிக்கிறது என்று. வால்வு கெட்டுவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கோடைப் படித்த உடனே வால்வைக் கழற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

கடைசியில் வண்டியை வேறொரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. லேப்டாப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "லைட் எப்போ வருமோ அதே மாதிரி ஓட்டுங்க" என்றார். முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தார், கோடு விழுந்த நொடியில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், எவ்வளவு லோடு, கூலன்ட் எத்தனை டிகிரி என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும், இதற்கு முன் பார்த்தவர்கள் யாரும் அதைத் திறந்ததாகவே தெரியவில்லை. அப்புறம் லைவ் டேட்டாவில் இரண்டு வரைபடக் கோடுகள்: ஈசியூ வால்வை எவ்வளவு திறக்கச் சொல்கிறது, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போயின. வால்வு சொன்னபடி கேட்கிறது, மோட்டாரும் பொசிஷன் சென்சாரும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஈசியூ அதை அநியாயத்துக்குத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, அப்படியும் காற்று சென்சாரின் அளவு இலக்குக்கு இறங்கவில்லை.

வால்வு வேலை செய்கிறது, கூலர் வழி திறந்திருக்கிறது, அப்படியானால் கணக்கில் மிஞ்சும் காற்று எங்கே போகிறது? சென்சாரைத் தாண்டிய காற்று டர்போவுக்குப் போய், இன்டர்கூலரில் ஆறி, த்ராட்டிலைக் கடந்து, அதற்குப் பிறகுதான் இஜிஆர் புகையோடு சேர்கிறது. அவர் இந்த முழுப் பாதையையும் மூடிவிட்டு ஸ்மோக் மெஷினால் உள்ளே புகை ஏற்றினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு பாரம் இழுக்கும்போது எஞ்சின் எந்தப் பக்கம் அசையுமோ அந்தப் பக்கம் இன்டர்கூலர் ஹோஸை முறுக்கிப் பிடித்தார். ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒட்டினாற்போல, மெல்லிசாகப் புகை வந்தது. ரப்பரில் ஒரு பிளவு. ஐடிலில் அழுத்தம் இல்லை, அதனால் மூடிக்கொள்ளும், பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறி எஞ்சின் அசையும்போது திறக்கும். அந்த இடத்தில் எண்ணெய்க் கசிவில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஈரப் பட்டை இருந்தது, கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"அப்போ ஏன் அண்ணே பூஸ்ட் குறைவுன்னு கோடு வரல?" என்று கேட்டேன். சின்னக் கசிவு என்பதால் வேரியபிள் டர்போ தன் வேன்களை (உள்ளே திரும்பும் சிறு இதழ்களை) கொஞ்சம் இறுக்கிக்கொண்டு பூஸ்டை இலக்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது, அதனால்தான் பி0299 வரவில்லை என்றார். நோய் ஓரிடத்தில் இருக்க, கோடு இன்னோரிடத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது. ஒரு பேச்சுக்கு, அந்த வேகத்தில் புதுக் காற்று 70 பங்கு போதும் என்று ஈசியூ இலக்கு வைத்திருக்கிறது, வழியில் 5 பங்கு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் 70 காட்டும்போது எஞ்சினுக்குள் போவது 65தான். ஒழுகும் காற்றையும் சென்சார் எண்ணிவிடுவதால், கணக்கை 70க்கு இறக்க ஈசியூ வால்வை இன்னும் திறக்கிறது, தேவைக்கு மேல் புகையை உள்ளே விடுகிறது. காற்று குறைந்து புகை கூடினால் எரிதல் கெடும், கரி பெருகும். அந்தக் கரி எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து வால்விலும், காற்று சிலிண்டர்களுக்குப் போகும் மேனிஃபோல்டிலும் அப்பும். வால்வின் வழி குறுகக் குறுக ஈசியூ இன்னும் திறக்கும், கடைசியில் முழுசாகத் திறந்தும் கணக்கு சேராதபோது பி0401 விழும்.

ஆக, கரி பிடித்த வால்வு இந்தக் கோளாறின் காரணமே இல்லை, விளைவு. புது வால்வு போட்டதும் சில நாள் நன்றாக ஓடியது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது: சுத்தமான வழியில் ஈசியூ கேட்ட அதிகப்படிப் புகை வந்துவிடுகிறது, கணக்கு சேர்ந்துவிடுகிறது, அந்த வால்வும் அடைக்கும் வரைக்கும். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) முன்பைவிட அடிக்கடி, சேர்ந்த கரியை எரித்துத் தள்ளும் ரீஜெனரேஷனுக்குப் போனதும், மைலேஜ் இறங்கியதும் இதே கணக்கில்தான் வருகின்றன. இரண்டையும் பழைய ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன், காதில் வாங்கவில்லை.

இதற்கிடையே "இஜிஆரையே அடைச்சுடுங்க, நிம்மதி" என்று அறிவுரை சொன்னவர்கள் நிறைய. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையில் வண்டி தேறாமலும் போகலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். தகடு போட்டு அடைத்தால் அதே பி0401தான் வரும், சாஃப்ட்வேரிலும் கை வைக்காமல் அந்த லைட் போகாது. கை வைத்தாலும் என் ஹோஸ் பிளவு அப்படியேதான் இருந்திருக்கும், டர்போ அதை ஈடுகட்ட அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டே இருந்திருக்கும், நானும் தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பேன். எச்சரிக்கை மணியைக் கழற்றி எறிவதைத் தீர்வு என்று சொல்லாதீர்கள்.

புது ஹோஸ், புது கிளாம்ப் மாட்டி, வால்வையும் மேனிஃபோல்டையும் சுத்தம் செய்து, மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் படிந்த கரியைத் துடைத்து, ஈசியூ வால்வின் நிலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் இஜிஆர் லேர்னிங்கை ஸ்கேனரில் செய்தார். கேஸ்கெட்டையும் மாற்றினார், பழைய கேஸ்கெட்டை மறுபடி போட்டால் அதுவே அடுத்த கசிவாகிவிடும். பிறகு பாரத்தோடு நீண்ட தூரம் ஓட்டினோம். வால்வு முன்பு திறந்ததில் பாதிகூடத் திறக்கவில்லை, காற்றின் அளவு இலக்கோடு ஒட்டிக்கொண்டது. இழுவை புது வண்டியில் இருந்தது போலவே இருக்கிறது.

அந்த ஹோஸை அப்படி ஒரு மூலையில் வளைத்து, எஞ்சின் அசையும்போதெல்லாம் கிளாம்பின் விளிம்பில் மடங்கும்படி வைத்த வடிவமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைப் பார்க்கவே அடித்தட்டைக் கழற்ற வேண்டும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. பாரம் இழுக்கவென்றே விற்கும் வண்டியில், பாரம் இழுத்தால் கிழியும் இடத்தில் ரப்பரை வைப்பது சரியா?

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மேலே நான் புகழ்ந்ததெல்லாம் உண்மைதான், ஒரு வார்த்தையையும் திரும்ப எடுக்கவில்லை, என் வண்டியை விற்கப் போவதும் இல்லை. ஆனாலும் வேண்டாம், நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம். இந்த வண்டியின் குறையைவிட, கோடைப் பார்த்து பாகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒர்க்‌ஷாப்களில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்களோ என்றுதான் எனக்குக் கவலை.

அதையும் மீறி மனசு கேட்கவில்லை என்றால் பழைய சர்வீஸ் பில்களை வாங்கிப் பாருங்கள். இஜிஆர் வால்வு ஒரு தடவைக்கு மேல் மாற்றப்பட்டிருந்தால் காரணத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரோடு போங்கள், லைட் எரியாவிட்டாலும் ஈசியூ உள்ளுக்குள் குறித்து வைத்திருக்கும் நிலுவைக் கோடுகளையும், அதன் சுயசோதனைகள் (மானிட்டர்கள்) முடிந்துவிட்டனவா என்று காட்டும் ரெடினெஸ் நிலையையும் பாருங்கள், எல்லா மானிட்டரும் "முடியவில்லை" என்று இருந்தால் உங்களுக்குக் காட்டுவதற்கு முன்தான் கோடை அழித்திருக்கலாம். அடித்தட்டைக் கழற்றச் சொல்லி இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விற்பவர் கழற்ற மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.