பார்மகாலஜி ஃபிளாஷ் கார்டு செட்: வாங்கலாம், பேனாவும் கையில் இருக்கட்டும்

அக்கா மகள் பி.எஸ்சி நர்சிங் படிக்கிறாள். பார்மகாலஜி புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று அக்கா புலம்பியதால் 150 கார்டு உள்ள இந்த செட்டை ஆன்லைனில் வாங்கினேன். விலை 399 ரூபாய். நான் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். அவள் கைக்குப் போகும் முன்னால், கடையில் கூட்டமில்லாத மதிய நேரங்களில் நானே எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன்.

அடிப்படைச் சொற்களுக்கான பகுதி அருமை. ஹாஃப் லைஃப் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) கார்டில் வளவளவென்று விளக்கம் இல்லை. 100, 50, 25, 12.5 என்று படிப்படியாக இறங்கும் நான்கு பட்டைகள், அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் பாஸ் (விழுங்கிய மருந்து உடலெங்கும் பரவும் முன்பே கல்லீரலில் சிதைவது) கார்டில், நெஞ்சுவலி மருந்தான நைட்ரோகிளிசரினை ஏன் நாக்குக்கு அடியில் வைக்கிறோம் என்ற கேள்வியை வைத்தே விஷயத்தை முடித்துவிட்டார்கள்: விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது பொட்டென்சியும் (எவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்யும்) எஃபிகசியும் (அதிகபட்சம் எவ்வளவு பலன் தரும்) பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கார்டு. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் ஃபுரோசமைடு 40 மி.கி. செய்யும் வேலையை பூமெட்டனைடு 1 மி.கி. செய்துவிடும். அதற்காக பூமெட்டனைடு கூடுதலாக நீரை இறக்கிவிடாது. உச்சபட்ச பலன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். "பவர் ஜாஸ்தியா உள்ள மாத்திரையா குடுங்கண்ணே" என்று கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கார்டை நீட்டலாம் போலிருந்தது.

வகைப்பாட்டுப் பகுதியில் மருந்துகளை வகை பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.டி.சி. குறியீட்டை மெட்ஃபார்மினை வைத்து உரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஏ10பிஏ02 என்பதில் முதல் எழுத்து செரிமானமும் வளர்சிதை மாற்றமும், 10 சர்க்கரை நோய் மருந்து, பி இன்சுலின் அல்லாதது, அடுத்த ஏ பைகுவனைடு என்ற வேதி வகை, 02 மெட்ஃபார்மின். ஐந்து படியும் ஒரே கார்டில். ஆனால் அதே செட்டில் ஆஸ்பிரின் வலி நிவாரணிப் பிரிவில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் கடையில் ஆஸ்பிரின் போவதெல்லாம் பெரும்பாலும் இதய நோயாளிகளுக்கு, 75 மி.கி.யில். ஏ.டி.சி.யிலேயே அதற்கு வலிக்கு என்02பிஏ01, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைவதைத் தடுக்க பி01ஏசி06 என்று தனித்தனி இடம் உண்டு.

பெயரின் வாலைப் பார்த்து வகையைச் சொல்லும் கார்டுகள்தான் தேர்வுக்குக் கைகொடுக்கும். லால் என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், ப்ரில் என்றால் ரத்த அழுத்தத்துக்கான ஏஸ் இன்ஹிபிட்டர் (அதன் பக்க விளைவான வறட்டு இருமலையும் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள், சபாஷ்), ரத்த அழுத்தத்துக்கே சார்டன், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் என்று வரிசையாகப் போகிறது. விதிவிலக்குகளைத்தான் விட்டுவிட்டார்கள். "மாமா, அரிப்பிப்ரசோலும் அசிடிட்டி மாத்திரைதானே?" என்று இவள் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மனச்சிதைவு நோய்க்கான மருந்தும்மா என்றேன். கார்டில் ப்ரசோல் என்றால் அசிடிட்டி என்றுதானே போட்டிருக்கிறது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நிஸ்டாட்டினும் இப்படித்தான். கொலஸ்ட்ராலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுப்பது.

அப்புறம், சரக்கு அமெரிக்காவிலிருந்து அப்படியே எடுத்தது போல் தெரிகிறது. அங்கே வழங்கும் பெயரில் பாராசிட்டமால் அசிட்டமினோஃபென் ஆகியிருக்கிறது, மூச்சிரைப்பு மருந்தான சல்பியூட்டமால் ஆல்பியூட்ரால் ஆகியிருக்கிறது. வார்டில் கேஸ் ஷீட்டில் யார் ஆல்பியூட்ரால் என்று எழுதுகிறார்கள்? வயிற்று அமிலத்தைக் குறைக்கும் எச்2 பிளாக்கருக்கு முதல் உதாரணம் ரானிடிடின். அமெரிக்காவில் 2020லேயே சந்தையிலிருந்து விலக்கச் சொன்ன மருந்து அது. நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022இல் எடுத்துவிட்டார்கள். அதே வகையைச் சேர்ந்த ஃபாமோடிடினை முன்னால் போட்டிருக்கலாம்.

டி.பார்ம் (பார்மசி டிப்ளமா) மாணவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற மருந்துகளின் சட்டப் பட்டியல்களான ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் பற்றி ஒரு கார்டுகூட இல்லை. நர்சிங் மாணவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், விதிவிலக்குகளை ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளும் பழக்கம் இருந்தால்.

அட்டை நல்ல கனம். ஆனால் இதய மருந்துக்குச் சிவப்பு, ஆன்டிபயாட்டிக்குக்கு ஆரஞ்சு என்று மூலையில் போட்ட நிறங்கள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. கூட வந்த பிளாஸ்டிக் வளையம் ஒரே வாரத்தில் உடைந்தது. ஸ்டேஷனரி கடையில் பத்து ரூபாய்க்கு இரும்பு வளையம் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.