விண்டோஸ் நிரலில் திரை வரைவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க எது நல்லது: லாக்விண்டோஅப்டேட்டா, செட்ரீட்ராவா, பிகின்அப்டேட்டா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம் ஒரு துணிக்கடைக்குச் சரக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். 4,000 சேலைகளின் பட்டியல் ஏறும்போது வரிக்கு வரி திரை மினுக் மினுக்கென்று துடிக்கும். ஓரத்து உருள்பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கல்லாவில் இருந்த அக்கா, "தம்பி, கண்ணு கூசுதுப்பா. எல்லாத்தையும் ஏத்திட்டு ஒரேயடியா காட்டக்கூடாதா?" என்றார். செய்ய வேண்டியதும் அதுதான்.

பழைய நிரல்களில் இதற்கு லாக்விண்டோஅப்டேட் போட்டிருப்பார்கள். தொடாதீர்கள். ஒன்றை இழுத்து நகர்த்தும்போது அதன் கோட்டுருவம் சிதையாமல் இருக்க வந்த வசதி அது. முழு டெஸ்க்டாப்புக்கும் ஒரே பூட்டு. வேறொரு நிரல் அதைப் பிடித்திருந்தால் நமக்குக் கிடைக்காது.

டபிள்யூஎம்_செட்ரீட்ரா அப்படியில்லை, நம் விண்டோவுக்கு மட்டும் அனுப்பும் செய்தி. 0 அனுப்பினால் வரைவது நிற்கும், 1 அனுப்பினால் தொடரும். ஆனால் 1 அனுப்பினால் மட்டும் போதாது, மறுபடி வரையச் சொல்லும் ரீட்ராவிண்டோவையும் அழைத்தால்தான் புதிய படம் வரும். நான் ஒருமுறை முழு ஃபார்முக்கே, அதாவது நிரலின் முழு விண்டோவுக்கே, 0 அனுப்பினேன். விலை இல்லாத ஒரு சேலையில் நிரல் இடறி, 1 போகவே இல்லை. ஃபார்ம் திரையில் அப்படியே தெரிந்தது. அக்கா 'சேமி' பொத்தானை அழுத்தினார். பின்னால் திறந்திருந்த எக்செல் முன்னால் வந்து நின்றது! 0 போனதும் விண்டோஸ் அந்த ஃபார்மின் 'தெரிகிறது' என்ற குறியையே எடுத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது பழைய படம். மவுஸுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் பதறிப்போனதை இன்னும் மறக்கவில்லை.

வின்ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் திரைகளைக் கட்டும் தொகுப்பு) எழுதுகிறவர்களுக்கு என் தேர்வு, பட்டியல்களுக்கு இருக்கும் பிகின்அப்டேட், எண்ட்அப்டேட் ஜோடி. உள்ளே போவது அதே செட்ரீட்ராதான். ஆனால் எத்தனை முறை நிறுத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளும், கடைசி எண்ட்அப்டேட்டில் தானே மறுபடி வரையச் சொல்லும். எண்ட்அப்டேட்டை ஃபைனலிக்குள் (நிரல் இடறினாலும் ஓடும் பகுதி) வையுங்கள், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். வண்ணமும் தடிப்பும் போட்டு எழுதும் உரைப்பெட்டியான ரிச்டெக்ஸ்ட்பாக்ஸுக்கு இந்த ஜோடி கிடையாது. அங்கே செட்ரீட்ராவைக் கையாலேயே அனுப்ப வேண்டும். சஸ்பெண்ட்லேஅவுட்டைச் சிலர் இதற்கு நம்புகிறார்கள். அது இட அமைப்பை மட்டுமே நிறுத்தும், வரைவதை அல்ல.

சரக்கு 40,000 ஆனால் பட்டியலின் விர்ச்சுவல்மோட்தான்: கண்ணில் படும் வரிகளை மட்டும் கேட்டு வாங்கும். அடுத்த தீபாவளிக்குள் அக்கா கடைக்கு அதைப் போட்டுவிட வேண்டும்.